நீச்சலில் மயக்கம், இசிஜியில் நீண்ட கியூடி: இந்த அயனிச் சேனல் இதயத்திலும் நரம்பிலும் என்னதான் செய்கிறது?

#1 வெருலம் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு வயது 11. பள்ளி நீச்சல் போட்டியில் பாதித் தூரம் போனவள் அப்படியே அசைவில்லாமல் கவிழ்ந்துவிட்டாள். ஆசிரியர் குதித்துத் தூக்கினார். கரையில் போட்டதும் கை கால் வெட்டி இழுத்தது. ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்து "அம்மா எங்கே" என்று கேட்டாளாம். போன வருடமும் முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடும்போது இதே மாதிரி விழுந்தாள். அப்போது காட்டிய இடத்தில் வலிப்பு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இசிஜி எடுக்கவே இல்லை.

இந்த முறை வேறு மருத்துவர் இசிஜி எடுத்தார். "கியூடிசி 490 மில்லிநொடி இருக்கிறது, நீளம். இது மூளை விஷயம் மாதிரி தெரியவில்லை, இதயத்தில் பொட்டாசியம் சேனல் கோளாறாக இருக்கலாம்" என்று சொல்லி இதய நிபுணருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். பார்க்க இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் எனக்குப் புரிய வேண்டும். பொட்டாசியம் சேனல் என்றால் என்ன? இதயக் கோளாறு எப்படி வலிப்பு மாதிரி வரும்? பொட்டாசியம் குறைவு என்று நினைத்து அவள் ஆயா தினமும் வாழைப்பழமும் இளநீரும் கொடுக்கிறார், அது சரியா?

#2 மெரிபேங்க் சிஸ்டர்

அம்மா, முதலில் இதைக் கேளுங்கள். நிபுணர் பார்க்கும் வரை நீச்சல் வேண்டாம், ஓட்டப் பந்தயம் வேண்டாம், பள்ளிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், அதைக் கடிதம் கொடுத்த மருத்துவரிடமே போனில் கேளுங்கள். மறுபடி மயங்கினால் ஆம்புலன்ஸ்தான், வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது.

இரண்டு கேள்வி. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா? உங்கள் பக்கமோ அவள் அப்பா பக்கமோ இள வயதில் திடீரென்று யாராவது இறந்திருக்கிறார்களா? தண்ணீரில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படுபவர்களையும் சேர்த்து யோசியுங்கள்.

#3 கரும்பலகை

நான் மருத்துவன் இல்லை. டர்பனில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறேன். சிகிச்சை பற்றி சிஸ்டர் சொல்வதைக் கேளுங்கள், சேனல் பற்றி நான் சொல்கிறேன்.

வாழைப்பழத்தில் தீரும் விஷயம் இல்லை இது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது ஒன்று, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழி பழுதாக இருப்பது வேறொன்று. உங்கள் மகளுக்குச் சந்தேகிப்பது இரண்டாவது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு வாழைப்பழம் கெடுதல் செய்யாது, அதனால் ஆயாவைத் தடுக்க வேண்டாம். அதுவே மருந்து என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

நம் ஒவ்வொரு செல்லையும் சுற்றி நாலைந்து நானோமீட்டர் தடிமனில் ஒரு கொழுப்புச் சவ்வு. உள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல், வெளியே 4 தான். சோடியம் தலைகீழ்: வெளியே 140, உள்ளே 10 முதல் 15. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது ஒரு பம்ப். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நண்டின் நரம்பில் இதைக் கண்டு 1957ல் எழுதியவர் டென்மார்க்கின் ஸ்கோ, அதற்கு 1997ல் நோபல் பரிசு கிடைத்தது.

பம்ப் சேர்த்து வைத்ததைச் செலவு செய்வதுதான் சேனல். சவ்வைத் துளைத்து நிற்கும் ஒரு புரதம், நடுவில் துளை. திறந்திருக்கும்போது ஒரு பொட்டாசியம் சேனல் வழியே நொடிக்கு ஒரு கோடிக்கு மேல் அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள அணுக்கள், போகும். பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியம் அதில் போகாது! பெரியதை விட்டுச் சிறியதைத் தடுப்பது எப்படி என்பது பல ஆண்டுக் கேள்வி. ஒரு பாக்டீரியாவின் சேனலை 1998ல் எக்ஸ்கதிரால் படம்பிடித்து அமெரிக்க விஞ்ஞானி மெக்கின்னன் விடை சொன்னார். தண்ணீரில் ஒவ்வொரு அயனியும் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் திரியும். துளைக்குள் நுழைய அவற்றை உதற வேண்டும். துளையின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்குச் சரியான தூரத்தில் நிற்கின்றன, அதனால் உதறிய நீருக்கு ஈடாக அவை அணைத்துக்கொள்ளும். சோடியம் அங்கே வந்தால் நாலு பக்கமும் எட்டாது. நீரை உதறிய நஷ்டம் ஈடாகாமல் வெளியிலேயே நின்றுவிடும். எத்தனை முறை நடத்தினாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் பாடம் இது.

இனி நரம்பு. சும்மா இருக்கும்போது உள்பக்கம் மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். தூண்டினால் சோடியம் சேனல்கள் திறந்து, சோடியம் பாய்ந்து, உள்ளே பிளஸ் ஆகும். ஒரு மில்லிநொடிக்குள் அந்தச் சேனல்கள் தாமாகவே அடைபட்டுவிடும். எலிப்பொறி மாதிரி: ஒருமுறை விழுந்தால் மறுபடி தூக்கி வைத்தால்தான் அடுத்த முறை வேலை செய்யும். தூக்கி வைப்பது, வோல்டேஜ் மறுபடி மைனஸுக்கு இறங்குவது. அந்த இறக்கத்தைச் செய்வது பொட்டாசியம் சேனல், பொட்டாசியத்தை வெளியே விட்டு. எல்லாம் ஒன்றிரண்டு மில்லிநொடியில் முடிந்துவிடும். கணவாய் மீனின் பருத்த நரம்பில் அளந்து இதற்குச் சமன்பாடே எழுதிவிட்டார்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், 1952ல்.

இதயக் கீழறையின் செல்லிலும் தொடக்கம் இதேதான், மைனஸ் 90லிருந்து. அப்புறம்தான் வித்தியாசம். சோடியம் அடைபட்டதும் கால்சியம் சேனல்கள் திறந்து வோல்டேஜை மேலேயே பிடித்து வைக்கின்றன. நரம்பில் ஒன்றிரண்டு மில்லிநொடியில் முடிவது இங்கே 300 மில்லிநொடி வரை நீளும். அந்தக் கால்சியம்தான் தசையைச் சுருங்க வைக்கிறது. அந்த நேரம் முழுக்கச் சோடியம் சேனல்கள் அடைபட்டே இருப்பதால் இதயத்தில் அடுத்த துடிப்பு முந்திக்கொண்டு ஏற முடியாது. கை தசை பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இதயம் நிற்காமல் இருப்பது இதனால்தான்.

இந்த 300 மில்லிநொடியை முடித்து வைப்பவை இரண்டு வகைப் பொட்டாசியம் சேனல்கள், ஒன்று வேகமாகத் திறப்பது, மற்றது மெதுவாகத் திறப்பது. இசிஜியில் கியூவிலிருந்து டி அலை முடியும் வரை உள்ள தூரம், கீழறை முழுக்க இந்த ஏற்ற இறக்கம் நடந்து முடியும் நேரம். பொட்டாசியம் வெளியேறத் தாமதமானால் கியூடி நீளும்.

#4 வெருலம் அம்மா

ஐயா, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இரண்டு தடவை படித்தேன், புரிந்தது. சிஸ்டர், காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் என் அப்பாவின் தங்கை 19 வயதில் ஐசிபிங்கோ கடற்கரையில் குளிக்கப் போய் இறந்தார். அலை இழுத்துவிட்டது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர் என்றும் சொல்வார்கள்.

ஐயா, அப்படியானால் ஏன் ஓடும்போதும் நீந்தும்போதும் மட்டும் வருகிறது? வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லையே.

#5 மெரிபேங்க் சிஸ்டர்

அந்த அத்தை விஷயத்தை நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடிதத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

காது பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இதயத்தில் மெதுவாகத் திறக்கும் அந்தச் சேனல்தான் உள்காதின் திரவத்தில் பொட்டாசியத்தை நிரப்புகிறது. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் பிள்ளை பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும், கூடவே கியூடியும் மிக நீளமாக இருக்கும். நார்வேயில் ஜெர்வெல், லாங்கே நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957ல் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்து எழுதினார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும் நம் வீடுகளில் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பிறவியில் காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால் இசிஜி எடுக்காமல் விடவே கூடாது.

#6 மாரிட்ஸ்பர்க் ஜிபி

நான் குடும்ப மருத்துவன். இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கு எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இசிஜிக்கு ஓடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பிள்ளைகள் மயங்குவதில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. வெயிலில் அணிவகுப்பில் நின்று, ஊசி கண்டு, கோயிலில் பட்டினியோடு கூட்டத்தில் நின்று மயங்குவது. இரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்கும், படுக்க வைத்தால் சரியாகிவிடும். அதோடு இயந்திரம் அச்சடிக்கும் கியூடிசி எண்ணையும் (துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூடி) அப்படியே நம்பக் கூடாது. துடிப்பு வேகமாக இருக்கும்போது 1920ல் பாசெட் கொடுத்த சூத்திரம் அந்த எண்ணைக் கூட்டிக் காட்டும். அளவுகோல் வைத்துக் கையால் அளந்து பார்க்க வேண்டும், வேறொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும். நல்ல பிள்ளைக்கு நோய் முத்திரை குத்தி, விளையாட்டை நிறுத்தி, வீடே பயத்தில் வாழ்வதையும் பார்த்திருக்கிறேன்.

#7 கரும்பலகை

டாக்டர் சொல்வது சரி, எண்ணைக் கையால் அளப்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை மயங்கியது நின்றுகொண்டிருக்கும்போது இல்லை. ஓடும்போது ஒருமுறை, நீந்தும்போது ஒருமுறை. தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்ற முன்னறிவிப்பும் இல்லை. குடும்பத்தில் 19 வயதில் தண்ணீரில் ஒரு மரணம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் முதல் தடவையே இசிஜி எடுத்திருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், அழுத்தியே சொல்வேன். சில நிமிட வேலை, ஊசி கூட இல்லை.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஓடும்போது அட்ரினலின் சுரக்கும், துடிப்பு வேகமாகும். நிமிடத்துக்கு 150 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 400 மில்லிநொடிதான் கிடைக்கும். அதில் 300ஐ ஏற்றத்துக்கே செலவழித்தால் இதயம் தளர்ந்து இரத்தம் நிரப்ப நேரம் எங்கே? அதனால் அதே அட்ரினலின், மெதுவாகத் திறக்கும் பொட்டாசியம் சேனலை முடுக்கிவிட்டு ஏற்றத்தைச் சுருக்குகிறது. அந்தச் சேனல் பழுதாக இருந்தால்? அட்ரினலின் கால்சியத்தைக் கூட்டிவிடும், முடித்து வைக்க வேண்டியது வராது. வோல்டேஜ் மேலேயே தொங்கும்போது கால்சியம் சேனல்களில் சில மறுபடி திறந்து, நேரம் கெட்ட ஒரு துடிப்பைக் கிளப்பும். அதிலிருந்து கீழறை தாறுமாறாக ஓட ஆரம்பிக்கும். இசிஜி அலைகள் கோட்டைச் சுற்றி முறுக்கியதுபோல் தெரியும், 1966ல் பிரெஞ்சு மருத்துவர் டெசெர்டென் வர்ணித்தது. இரத்தம் மூளைக்கு ஏறாது, பிள்ளை விழும், மூளைக்கு ஆக்சிஜன் இல்லாமல் கை கால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்புதான். பல சமயம் இதயம் தானாகத் தாளத்துக்குத் திரும்பிவிடும், பிள்ளை கண் திறந்து பேசும். எல்லாச் சமயமும் திரும்பாது.

நீண்ட கியூடியில் முதல் வகை இது. நீச்சலில் விழுபவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டாம் வகையில் வேகமாகத் திறக்கும் சேனல் பழுது, அவர்களுக்கு அலாரம், டெலிபோன் மணி மாதிரித் திடீர்ச் சத்தம் ஆகாது. மூன்றாம் வகையில் சோடியம் சேனல் சரியாக அடைபடாமல் கசியும், பெரும்பாலும் தூக்கத்திலோ ஓய்விலோ வரும்.

#8 கேப் மலையடி

கரும்பலகை ஐயா, முதல் வகையைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் பால் பிரிங்க், இத்தாலியின் பீட்டர் ஷ்வார்ட்ஸ் ஆகியோரின் குழு தென்னாப்பிரிக்காவில் 22 குடும்பங்களை ஆராய்ந்து 2005ல் வெளியிட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று நினைத்திருந்த குடும்பங்கள். வம்சாவளியைத் தோண்டினால் எல்லாம் 18ஆம் நூற்றாண்டில் கேப்பில் வாழ்ந்த ஒரே தம்பதியிடம் போய் நிற்கிறது, டச்சும் பிரெஞ்சு ஹியூகனாட்டும் (பிரான்சிலிருந்து வந்த புராட்டஸ்டண்டுகள்) கலந்த தம்பதி. அந்தச் சேனல் புரதத்தில் 341ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் வாலின். ஒரே ஒரு அமினோ அமிலம்.

ஒரு சேனல் நான்கு துண்டுகள் சேர்ந்து உருவாவது. மரபணுவில் ஒரு பிரதி நல்லது, ஒன்று பழுது என்றால் துண்டுகள் பாதிப் பாதி. நான்கும் நல்லதாகவே அமைய வாய்ப்பு கணக்குப்படி 16ல் 1தான். உண்மையில் சேதம் அந்த அளவுக்கு முழுமையாக இருப்பதில்லை. ஆனாலும் ஒரு பழுதான பிரதியே ஏன் போதும் என்பதற்கு அந்தக் கணக்கு ஒரு விளக்கம். இன்னொரு விஷயமும் அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரே பிழையைச் சுமந்தவர்களில் சிலர் சிறு வயதிலேயே விழுந்தார்கள், சிலர் கிழவராகும் வரை ஒன்றுமில்லாமல் வாழ்ந்தார்கள். ஓய்வில் துடிப்பு வேகமாக இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது.

வெருலம் அம்மா, உங்கள் வீட்டில் இருப்பது இதே பிழை என்று நான் சொல்லவில்லை. அந்த மரபணுவில் நூற்றுக்கணக்கான பிழைகள் தெரியும். ஆனால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுப்பார்களா என்று.

#9 பீனிக்ஸ் பெரியப்பா

நான் சர்க்கரை நோயாளி, சிறுநீரகம் போய் டயாலிசிஸில் இருக்கிறேன். வாழைப்பழம், இளநீர் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்களுக்கு அது விஷம். "குறைந்த சோடியம்" என்று கடையில் விற்கும் உப்பில் பாதிக்கு மேல் பொட்டாசியம் குளோரைடு இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று மருமகள்கள் வாங்கி வந்துவிடுவார்கள். வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். பொட்டாசியம் 7ஐத் தாண்டிய ஒருவருக்கு எங்கள் பிரிவில் முதலில் கால்சியம் ஊசி போட்டார்கள். அதிகமானது பொட்டாசியம், கால்சியம் எதற்கு?

#10 கரும்பலகை

நல்ல கேள்வி பெரியப்பா. வெளியே பொட்டாசியம் கூடினால் செல்லின் ஓய்வு வோல்டேஜ் மைனஸ் 90லிருந்து மேலே ஏறும். முதலில் எளிதில் தூண்டப்படும். இன்னும் ஏறினால் சோடியம் சேனல்கள் மீட்டமையாமல் அடைபட்டே கிடக்கும், இதயம் மந்தமாகி நின்றுபோகும். கால்சியம் ஊசி பொட்டாசியத்தை ஒரு துளியும் குறைக்காது. சவ்வின் வெளிப்பக்கத்தில் ஒட்டி, துடிப்பு கிளம்பும் எல்லையை மேலே தள்ளி, இழந்த இடைவெளியைத் தற்காலிகமாகத் திருப்பித் தரும். பின்னாலேயே இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றுவார்கள், அது பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் ஓட்டும். உடம்பைவிட்டு வெளியேற்ற டயாலிசிஸ்தான்.

#11 டோங்காட் தம்பி

நரம்புப் பக்கமும் ஒரு கேள்வி அண்ணா. எங்கள் பக்கம் கரும்புக் காட்டிலும் வீட்டுக் கூரையிலும் கறுப்பு மாம்பா பாம்பு வரும். அதன் விஷமும் பொட்டாசியம் சேனலைத்தான் தாக்கும் என்று படித்தேன். அப்படியானால் கடிபட்டவருக்கும் கியூடி நீளுமா?

#12 கரும்பலகை

மாம்பா விஷத்தில் டெண்ட்ரோடாக்சின் என்று ஒன்று இருக்கிறது தம்பி. அது அடைப்பது நரம்பு முனையில் உள்ள வேறொரு குடும்பத்துப் பொட்டாசியம் சேனலை, நாம் பேசிய இதயச் சேனல்களை இல்லை. அடைபட்டால் நரம்பு முனையில் வோல்டேஜ் இறங்கத் தாமதமாகும், கால்சியம் கூடுதலாக நுழையும், தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கொட்டும். உதடு, விரல் நமநமப்பதும் தசை துடிப்பதும் அதனால்தான். அதே விஷத்தில் உள்ள வேறு நச்சுகள் தசைப் பக்கம் அசிடைல்கோலின் உட்காரும் சேனல்களை அடைக்கும். மூச்சுத் தசை ஓய்ந்துபோவது அவற்றால். ஜொஹானஸ்பர்க்கில் தயாராகும் பல பாம்புகளுக்கான எதிர்நஞ்சு மாம்பாவுக்கும் உதவும், மூச்சுக்கு இயந்திரமும் தேவைப்படலாம்.

இந்த உறவுமுறையைத்தான் நான் வகுப்பில் நெடுநேரம் பேசுவேன். இதயத்துச் சோடியம் சேனல், மூளையுடையது, எலும்புத் தசையுடையது, வலி நரம்புடையது எல்லாம் சகோதரர்கள். பல்மருத்துவர் போடும் லிடோகெயின் வலி நரம்பில் அடைக்கும், அதையே இதயத்தில் தாளம் கெட்டால் ஊசியாகவும் போட்டார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயினும் ஒரு காலத்தில் இதயத் தாள மருந்து. நம் கடலோரத்தில் தூண்டிலில் வரும் பிளாசொப் (பேத்தை) மீனின் விஷம் நரம்புச் சோடியம் சேனலை வெளியிலிருந்து அடைக்கும், இதயத்துச் சேனலை அடைக்க அதைப்போல் பல மடங்கு வேண்டும். ஒரு சகோதரனை மட்டும் தொட்டு மற்றவர்களை விடும் மருந்து கிடைப்பதுதான் கஷ்டம். வலி நரம்பின் சேனலை மட்டும் குறிவைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

#13 மெரிபேங்க் சிஸ்டர்

மருந்து என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேகமாகத் திறக்கும் பொட்டாசியம் சேனல் இருக்கிறதே, அதன் துளையில் பல மருந்துகள் போய் உட்கார்ந்துகொள்ளும். எரித்ரோமைசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின், ஹாலோபெரிடால், மெத்தடோன். அலர்ஜிக்கு விற்ற டெர்ஃபெனடின் இதனால்தான் கடையைவிட்டே போனது. நம் நாட்டில் மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு 2018லிருந்து ஊசிக்குப் பதிலாக பெடாக்விலின் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த ஊசியால் காது போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த மாற்றம் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பெடாக்விலினும் கியூடியை நீட்டும். இசிஜி எடுக்கக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள்.

வெருலம் அம்மா, மகளுக்குச் சளி இருமல் என்று யார் எந்த மருந்து எழுதினாலும் "கியூடி நீளம்" என்று முதலில் சொல்லுங்கள். கிரெடிபிள்மெட்ஸ் என்ற இணையதளத்தில் ஆகாத மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் சும்மா இருக்காதீர்கள், பொட்டாசியம் இறங்கினால் அவளுக்கு இரட்டை ஆபத்து. ஆயாவின் இளநீர் அன்றைக்கு நிஜமாகவே உதவும், ஆனால் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

#14 வெருலம் அம்மா

நிபுணரைப் பார்த்துவிட்டு வந்தோம். கையால் அளந்தும் நீளம்தான். முதல் வகை மாதிரி தெரிகிறது என்றார், மரபணுச் சோதனைக்கு இரத்தம் அனுப்பியிருக்கிறார். ப்ரோப்ரானோலால் ஆரம்பித்திருக்கிறார், அட்ரினலினை இதயத்துக்கு எட்டவிடாமல் செய்யும் என்று விளக்கினார், ஐயா எழுதியதைப் படித்திருந்ததால் சட்டென்று புரிந்தது. வலிப்பு மாத்திரையை நரம்பு மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்கப்போகிறார். எனக்கும் கணவருக்கும் மகனுக்கும் இசிஜி எடுத்தார்கள். என்னுடையதும் நீளம். நான் இதுவரை ஒருநாளும் மயங்கியதில்லை. என் அண்ணன் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறார். அண்ணன் "ஓடி ஆடுகிற பிள்ளைகளுக்கு எதற்கு" என்கிறார், நான் விடப்போவதில்லை.

எனக்கு லேசாக ஆஸ்துமா உண்டு. அதே மாத்திரை எனக்கும் கொடுப்பார்களா?

#15 மாரிட்ஸ்பர்க் ஜிபி

அம்மா, ஆஸ்துமாவை அடுத்த முறை மறக்காமல் சொல்லுங்கள். ப்ரோப்ரானோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், உங்களுக்கு வேறு வழி யோசிப்பார்கள். யாரிடமும் கடன் வாங்கி அந்த மாத்திரையைப் போடாதீர்கள். மகளுக்கு ஒருவேளை மாத்திரை கூடத் தவறக் கூடாது, தவறிய நாட்களில்தான் விபத்து நடக்கிறது.

உங்கள் அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: எல்லாப் பிள்ளைக்கும் இசிஜி வேண்டாம் என்று எழுதியவனே நான்தான், ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். பழுது உங்களிடம் இருக்கிறது என்றால் உங்கள் அண்ணனிடமும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவரே முதலில் எடுக்கட்டும்.

#16 டோங்காட் தம்பி

அக்கா, பள்ளியில் அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள், தானியங்கி வகை. நான் முதலுதவிப் பயிற்சி எடுத்தவன். விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டு, இயந்திரத்தை மாட்டினால் அதுவே தாளத்தைப் பார்த்துத் தேவையென்றால் மட்டும் அதிர்ச்சி கொடுக்கும். தண்ணீரிலிருந்து தூக்கியதும் நெஞ்சைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். 8 வயதுக்கு மேல் பெரியவர்களுக்கான பட்டையே போதும், உங்கள் மகளுக்குத் தனியாகத் தேட வேண்டியதில்லை. பயிற்சி வேண்டுமென்றால் ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமை நான் வந்து காட்டுகிறேன்.